புண் ஆறிவிட்டது என்று வீட்டோடு இருந்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. தெருவில் சைக்கிள் ஓட்டும்போது டெம்போ மோதி, வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்றைக்கே பக்கத்து ஊர் மருத்துவமனையில் உள்ளே பிளேட் வைத்துத் தையல் போட்டார்கள். இரண்டு வாரத்தில் சீழ் வந்தது. மூன்று மாதம் கழித்து பிளேட்டை எடுத்துவிட்டு வெளியில் கம்பி போட்டார்கள். இப்போது எட்டு மாதம் ஆகிறது. எலும்பு கூடவில்லை, சின்ன ஓட்டை வழியாகச் சீழ் கசிந்துகொண்டே இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். செத்த எலும்பை எடுத்தால் 3 சென்டிமீட்டர் இடைவெளி விழும், அதில் சிமெண்ட் வைப்போம், ஆறு வாரம் கழித்து அதை எடுத்துவிட்டு இடுப்பு எலும்பை எடுத்து வைப்போம் என்கிறார்கள். ஏன் இரண்டு ஆபரேஷன்? வளரும் பிள்ளையின் இடுப்பில் கை வைத்தால் ஊனமாகாதா? என் எலும்பை எடுத்து வைக்க முடியாதா? மாமியார் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்திவிட்டோம். சைக்கிள் எப்போது ஓட்டலாம் என்று பையன் தினமும் கேட்கிறான்.

– விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அம்மா, எட்டு மாதமாக ஒரு பிள்ளையின் காலைக் கழுவித் துடைத்துக் கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை, பையனையும் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: அந்த மருத்துவர்கள் சொன்ன திட்டம் சரியானது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். தைரியமாக ஒப்புக்கொள்ளுங்கள். என் கவலை ஆபரேஷனைப் பற்றி இல்லை. முதல் ஆபரேஷனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வரும் அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், ஏன் கூடவில்லை என்று பார்ப்போம். குழந்தைகளின் எலும்பு பொதுவாகப் பெரியவர்களுடையதைவிட வேகமாகக் கூடும். எலும்பின் மேல் ஓர் உறை உண்டு. சிறுவர்களுக்கு அது நல்ல தடிமனாக, ரத்த ஓட்டத்தோடு இருக்கும். புது எலும்பைச் செய்து கொடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அதனால் 9 வயதுப் பையனுக்கு எட்டு மாதமாகியும் எலும்பு கூடவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். உங்கள் மகன் விஷயத்தில் காரணம் தெளிவாகத் தெரிகிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தபோது அந்த உறையும் கிழிந்து உரிந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தொட்டுப் பாருங்கள், தோலுக்கு அடியில் உடனே எலும்புதான், நடுவில் சதையே கிடையாது. உறையும் போய், ரத்தம் கொண்டுவரச் சதையும் இல்லாத இடத்தில் ஒரு துண்டு எலும்பு செத்துவிட்டது.

செத்த எலும்பின் மேலும், உள்ளே வைத்த பிளேட்டின் மேலும் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தொட்டிச் சுவரில் பாசி பிடிப்பதுபோல ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். நாம் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த எலும்புக்குள் ரத்தம் போவதில்லை. ஆகவே இத்தனை மாதம் மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லையே, ஊசி போட்டும் நிற்கவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். மருந்து போய்ச் சேர வழி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். அந்தத் துண்டை வெளியே எடுக்காமல் எந்த மருந்தாலும் இது நிற்காது.

முதல் ஆபரேஷனில் நடப்பது இதுதான். சீழ் வரும் வழியையும் கெட்டுப்போன சதையையும் வெட்டி எடுத்துவிட்டு எலும்புக்கு வருவோம். செத்த எலும்பு பார்த்த உடனேயே தெரியும். தந்தம்போல வெளுத்து, காய்ந்து இருக்கும். உளியால் செதுக்கினால் சொட்டு ரத்தம் வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில், மிளகாய்த்தூள் தூவியதுபோலப் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் எலும்பில் எழும். அங்கேதான் உயிருள்ள எலும்பு தொடங்குகிறது. அந்தப் புள்ளிகள் இரண்டு முனையிலும் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. இடைவெளி பெரிதாகிவிடுமே என்று பயந்து அரை சென்டிமீட்டர் செத்த எலும்பை விட்டுவைத்தால், அந்த அரை சென்டிமீட்டர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். 3 சென்டிமீட்டர் என்று கேட்டதும் உங்களுக்குப் பகீரென்றிருக்கும். எனக்கோ, அங்கே சுத்தமாகச் செய்யப்போகிறார்கள் என்ற நம்பிக்கைதான் வந்தது.

அப்போதே உள்ளே ஆழத்திலிருந்து ஐந்தாறு இடங்களில் சதையும் எலும்புத் துணுக்கும் எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்புவார்கள். வெளியே கசியும் சீழைப் பஞ்சில் தொட்டு எடுத்த டெஸ்ட் ஏற்கெனவே உங்கள் ஃபைலில் இருக்கலாம். அதை மட்டும் நம்ப முடியாது. தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிதான் அதில் பெரும்பாலும் வளரும். நிஜமான எதிரி உள்ளே எலும்பில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வசதியாக, ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் பயப்படாமல் நிறுத்துங்கள்; காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போய்விடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எடுத்த சதையைக் காசநோய்க்கும் பரிசோதிப்பார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். நம் ஊரில் ஆறாத புண் எதுவானாலும் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, சிமெண்ட். வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. மூட்டு மாற்று ஆபரேஷனில் பயன்படும் ஒருவகை பிளாஸ்டிக் பொடி இது. அதனுடன் ஆன்டிபயாட்டிக் பொடியைச் சேர்த்து, திரவம் ஊற்றிப் பிசைந்தால் முதலில் சப்பாத்தி மாவுபோல இருக்கும், சில நிமிடங்களில் சூடாகி இறுகிவிடும். மாவுப் பதத்தில் இருக்கும்போதே அந்த 3 சென்டிமீட்டர் இடத்தில் வைத்து உருட்டி அமைத்துவிடுவோம். அது மூன்று வேலை செய்கிறது. ரத்தத்தின் வழியாகப் போக முடியாத அளவு ஆன்டிபயாட்டிக்கை அந்த இடத்திலேயே மெல்லக் கசியவிடுகிறது. இடைவெளிக்குள் சதை வந்து அடைத்துக்கொள்ளாமல் இடம் பிடித்து வைக்கிறது. மூன்றாவதுதான் அருமையான விஷயம்: அன்னியப் பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது என்று உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வு கட்டும். அந்தச் சவ்வில் நிறைய ரத்தக்குழாய்கள் வளரும். எலும்பு வளர்வதைத் தூண்டும் புரதங்களும் அதிலிருந்து சுரக்கும். 1980களில் மாஸ்கலே என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுகொண்டது இது. இன்று உலகமெங்கும் குழந்தைகளுக்கும் இதைச் செய்கிறோம்.

அந்தச் சவ்வு பக்குவப்பட நான்கு முதல் எட்டு வாரம் வேண்டும். உங்களிடம் ஆறு வாரம் என்று சொன்னது அதற்காகத்தான். இரண்டாவது ஆபரேஷனில் அந்தச் சவ்வைச் சுருக்குப்பையைத் திறப்பதுபோல மெல்லத் திறந்து, உள்ளே இருக்கும் சிமெண்டை உடைத்துத் துண்டு துண்டாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுப்பிலிருந்து எடுத்த எலும்பை நிரப்பி, பையை மூடித் தைத்துவிடுவோம். சவ்வு இல்லாமல் அவ்வளவு பெரிய இடைவெளியில் எலும்புத் துணுக்குகளைப் போட்டால் பெரும்பகுதியை உடம்பு கரைத்துவிடும்.

ஒரே தடவையில் செய்யக் கூடாதா என்று கேட்டீர்கள். சீழ் கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் வைத்த எலும்பு அந்தச் சீழோடு கரைந்துபோகும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, வேறோர் இடத்தில் ஒரே நாளில் புண்ணையும் சுரண்டி எலும்பையும் வைத்து அனுப்பிய ஒரு சிறுமி எங்களிடம் வந்தாள். கட்டைப் பிரித்தால், வைத்த எலும்புத் துணுக்குகள் அரிசிநொய் மாதிரி சீழில் மிதந்து வந்தன. அவளுக்கு இடுப்பின் ஒரு பக்கம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. குழந்தையிடம் அந்த எலும்பு கொஞ்சம்தான் இருக்கிறது. அதை ஒரு தடவை வீணாக்கினால் அடுத்த தடவைக்கு எங்கே போவது? அன்றைக்கு எனக்கு மனதில் பதிந்ததைத்தான் இன்றும் செய்கிறேன்: இடம் சுத்தமானது என்று உறுதியாகும்வரை இடுப்பு எலும்பைத் தொடுவதில்லை. ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் இறங்கவில்லை என்றாலோ, திறந்து பார்க்கும்போது சந்தேகம் இருந்தாலோ, உங்கள் மருத்துவர் மறுபடி சுத்தம் செய்து வேறு சிமெண்ட் வைத்துத் தள்ளிப்போடலாம். அப்படி நடந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அவர் உங்கள் மகனின் எலும்பைக் காப்பாற்றுகிறார்.

இடுப்பு எலும்பு விஷயம். உங்கள் இடுப்பில் கை வைத்தால் பக்கவாட்டில் ஒரு விளிம்பு தட்டுப்படும் அல்லவா, சேலைக்கட்டு நிற்கும் இடம். எலும்பை எடுப்பது அங்கேதான். அங்கிருந்து நடையைத் தாங்கும் இடுப்பு மூட்டு தள்ளி இருக்கிறது. அதைத் தொடுவதே இல்லை. சிறுவர்களுக்கு அந்த விளிம்பின் மேல் வளரும் குருத்தெலும்பு ஒரு தொப்பிபோல மூடியிருக்கும். அதைச் சேதப்படுத்தாமல் விலக்கி, உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொப்பியைத் திரும்ப வைத்துத் தைத்துவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முன் இதை எப்படிச் செய்வீர்கள் என்று நீங்கள் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. எடுத்த இடத்தில் உடம்பு பெருமளவு நிரப்பிக்கொள்ளும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: முதல் சில நாட்கள் காலைவிட இடுப்புதான் அதிகம் வலிக்கும். பையன் அழுதால் வலி மருந்து கேட்டு வாங்குங்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். தொடையின் வெளிப்பக்கம் சிலருக்குக் கொஞ்சநாள் மரத்திருக்கும்.

உங்கள் எலும்பை எடுத்துக்கொள்ளச் சொன்னீர்களே, அம்மா, இதை என்னிடம் எத்தனையோ தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். எலும்பில் கட்டி வந்து குழியாக இருக்கும் பிள்ளைகளுக்கு, சொந்த எலும்பு போதாதபோது பெற்றோரின் எலும்பை வைப்பதும் உண்டு. ஆனால் உங்கள் மகனின் எலும்பில் அவனுடைய உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை போன இடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். உங்களுடையது அவன் உடம்புக்கு வெறும் சாரமாகத்தான் நிற்கும், கட்டுமானத்துக்கு முட்டுக்கொடுக்கும் சாரம். சீழ் இருந்த இடத்தில் உயிரில்லாத எதையும் முதலில் வைக்க நான் விரும்புவதில்லை. 3 சென்டிமீட்டருக்கு அவன் இடுப்பே பெரும்பாலும் போதும். இன்னும் பெரிய இடைவெளி என்றால் காலில் பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய எலும்பை எடுத்து வைப்பது, காலைச் சுற்றி வெளியே வளையம் போட்டு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் எலும்பை நகர்த்துவது என்று வேறு வழிகள் உண்டு. அவை இப்போது உங்களுக்குத் தேவைப்படவில்லை.

இனி அந்த ஆறு வாரம்.

முதல் ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் சீழ் நின்றுவிடும். எட்டு மாதம் கழித்து முதல்முறையாகக் கட்டு காய்ந்திருக்கும். நாற்றம் இருக்காது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுவான், முகம் தெளியும். உள்ளே சிமெண்ட் முட்டுக்கொடுத்திருப்பதால் கால் ஆடாது, வலியும் குறைந்திருக்கும். அப்போது வீட்டில் யாராவது சொல்வார்கள்: "அதான் ஆறிடுச்சே, இன்னொரு தடவை எதுக்கு அறுக்கணும்?" இதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போகும் ஒருவரின் பையன், உங்கள் மகன் வயதுதான். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு புண் அருமையாகக் காய்ந்தது. கொடுத்த தேதிக்கு வரவில்லை. அட்டையில் இருந்த செல்போன் எண்ணும் கிடைக்கவில்லை. பதினோரு மாதம் கழித்து அந்தப் பிள்ளையை அப்பா தோளில் தூக்கி வந்தார். சிமெண்ட் தளர்ந்து உள்ளே ஆடிக்கொண்டிருந்தது, மறுபடி சீழ், கணுக்கால் மடங்கி இறுகிப்போய் நுனிக்காலில்தான் ஊன்ற முடிந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முன்பணம் வாங்கியிருந்தார், சூளை சீசன் காத்திருக்காது. நான்தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: சிமெண்ட் எலும்பு ஆகாது. அது இடம் பிடித்து வைத்திருக்கும் பொருள். இரண்டாவது ஆபரேஷன் தேதியை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கி, காலண்டரில் வட்டம் போடுங்கள். உங்கள் வீட்டு எண்ணோடு பக்கத்து வீட்டு எண்ணையும் வார்டில் கொடுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால், இரண்டாவது ஆபரேஷனுக்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டுமா என்று அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

அந்த வாரங்களில் வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். கம்பி தோலுக்குள் போகும் இடங்களை வார்டில் காட்டிக்கொடுத்தபடி சுத்தம் செய்யுங்கள். மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் வேண்டாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கவைக்காதீர்கள், சுகமாக இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். ஒரு துண்டை அவன் பாதத்தின் முன்பகுதியில் சுற்றி, இரண்டு நுனியையும் அவன் கையிலேயே கொடுத்து, பாதத்தை முகத்தை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு நான்கு வேளை. கணுக்கால் மூட்டுக்குக் குறுக்கே கம்பி போகவில்லை என்றால் இதைச் செய்யலாம். மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், புதிதாக வீக்கம், மறுபடி கசிவு, விரல்கள் வெளுப்பது அல்லது கறுப்பது, இதில் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். சீழ் நின்ற அன்றே நிறுத்திவிடக் கூடாது.

உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தோல் கிழியாத, விலகாத முறிவு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டே கூடியிருக்கிறது, அவர் கண்ணால் பார்த்திருப்பார். பிள்ளைகளின் எலும்புக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் இங்கே நடுவில் செத்த எலும்பும் சீழும் இருக்கின்றன. அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டினால் சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளே பரவும், ரத்த ஓட்டமும் நிற்கலாம். பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். அவருக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள்: சாப்பாடு.

பத்தியத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். கத்தரிக்காயாலும் கருவாட்டாலும் சீழ் வைப்பதில்லை. முட்டையை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எட்டு மாதமாகச் சீழ் வடித்த உடம்பு எவ்வளவோ புரதத்தை இழந்திருக்கும். தினமும் இரண்டு முட்டை, பருப்பு, மீன், கிடைக்கும்போது கறி, பால், கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எலும்பு சூப் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம். அதில் கிடக்கும் கறியைச் சாப்பிடச் சொல்லுங்கள். ரத்தசோகையும் வைட்டமின் டி குறைவும் இருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கால் குட்டையாகுமா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். கொஞ்சம் குறையலாம், முறிவுக்குப் பிறகு கால் தூண்டப்பட்டுக் கொஞ்சம் நீள்வதும் உண்டு. 2 சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் செருப்பில் ஒரு அட்டை வைத்தே சமாளிக்கலாம். அவனுக்கு வளர இன்னும் ஆறேழு வருஷம் இருக்கிறது, வளர்ச்சி முடியும்வரை வருஷத்துக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சில பிள்ளைகளுக்குச் சீழ் திரும்பும், ஒரு முனை கூடாமல் மறுபடி எலும்பு வைக்க வேண்டிவரும். மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் சொந்தக் காலில் நடக்கிறார்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு குறிப்பு. அடிபடாமலே, காய்ச்சலோடு எலும்பில் சீழ் பிடித்து, அதனால் எலும்பு செத்த பிள்ளைகளும் உண்டு. அங்கே செத்த எலும்பைச் சுற்றி உடம்பே புது எலும்புக் கூடு கட்டும். அந்தக் கூடு உறுதியாகும்வரை செத்த எலும்பை எடுக்காமல் காத்திருப்போம், அவசரப்பட்டு எடுத்தால் பெரிய இடைவெளி விழுந்துவிடும். ஆகவே இந்தப் பதிலை அந்தப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

கடைசியாக, சைக்கிள். இது அவனுக்கு. தம்பி, எலும்பு வைத்த பிறகு மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். உன் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பார். நேராக எடுத்த படத்தில் எலும்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு இருக்கும். பக்கவாட்டில் எடுத்த படத்திலும் இரண்டு. மொத்தம் நான்கு. இப்போது நான்கும் நடுவில் அறுந்திருக்கும். அந்த நான்கில் குறைந்தது மூன்று கோடுகள் அறுந்த இடத்தில் சேர்ந்துவிட்டால், ஊன்றுகோலை விடலாமா என்று உன் டாக்டர் பார்ப்பார். அதற்குப் பிறகு முதலில் நடை, அப்புறம் சைக்கிள், கிரிக்கெட் அதற்கும் அப்புறம். ஒவ்வொரு தடவை எக்ஸ்ரே எடுக்கும்போதும் எத்தனை கோடு சேர்ந்திருக்கிறது என்று நீயே எண்ணி, டாக்டரிடம் சொல்.